பிடியின் முதுகில் பொறித்த பெயர்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைவீரர்கள் காசு திரட்டித் தங்கள் அதிகாரிக்கு ஒரு ரிவால்வர் பரிசளிப்பதுண்டு. உலோகத்தில் கொடி வேலைப்பாடு, தந்தப் பிடி, பிடியின் முதுகுப் பட்டையில் அதிகாரியின் பெயரும் தேதியும். அதே மாடலில் பெயர் பொறிக்காத துப்பாக்கியைவிட இது இன்று பல மடங்கு விலை போகிறது. அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் சில எழுத்துகளுக்காகக் கொடுப்பது. எழுத்தையோ, உளி பிடிக்கத் தெரிந்த எவரும் வெட்டிவிடலாம். அதனால் பேரத்தில் ஆதாயம் இல்லாத மூன்றாவது ஆளின் சான்று இல்லாமல் இந்தப் பொருள் கைமாறக் கூடாது என்பேன். இது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பொருந்தும்.

முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். நூற்றைம்பது ஆண்டு கைபட்டுப் பட்டை வழவழவென்று தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் நகத்தில் உரசினால் சந்தேகப்படுங்கள். அடுத்தது ஆவணம். கோல்ட் ரிவால்வராக இருந்தால், அதைச் செய்த நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு, வரிசை எண்ணைப் பழைய பேரேட்டில் பார்த்து, துப்பாக்கி என்று, யாருக்கு, எந்த வேலைப்பாட்டோடு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. 1864-இல் அந்த நிறுவனத்தின் ஹார்ட்ஃபர்ட் தொழிற்சாலை எரிந்ததில் பல பதிவுகள் போய்விட்டன. பெயரை வெளியூர் நகைக்கடைக்காரர் பிறகு பொறித்திருக்கவும் கூடும். அப்படியிருக்க, கடிதத்தில் இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லலாமா என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொல்ல முடியாதுதான். ஆனால் கடிதம் மௌனமாக இருந்தால் உண்மை என்றும் ஆகிவிடாது. அப்போது படைப்பிரிவுப் பதிவு, ஓய்வூதியக் கோப்பு, அக்காலச் செய்தித்தாள் ஆகியவற்றைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அனுபவமுள்ள வியாபாரியின் கண் போதாதா என்பது இன்னொரு வாதம். அந்தக் கண் யாருக்காகப் பார்க்கிறது என்பதுதான் பிரச்சினை. ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போர்க்கால ஆயுதங்களுக்கு மதிப்புச் சொல்லி நம்பிக்கை பெற்ற ஒருவர், உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் வாரிசுகளிடம் அரும்பொருள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். தளபதி பிக்கெட்டின் பொருள்கள் ஏறத்தாழப் பத்து மடங்கு விலைக்குக் கைமாறின. தளபதி மீடுக்குப் பரிசாக வந்த துப்பாக்கியும் பிறகு அவர்மீது வந்த மோசடி வழக்கில் உண்டு. 2002-இல் அவருக்கு ஓராண்டுச் சிறையும் 8,30,000 டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. பாட்டன் சொத்தை விற்கும் குடும்பம், மதிப்புச் சொன்னவருக்கே அதை விற்கக் கூடாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள்; 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெரும்பாலான கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். தந்தப் பிடி இருந்தால் நூறு ஆண்டு பழமைக்குச் சான்று கேட்பார்கள்; சில மாநிலங்களில் தந்த விற்பனைக்கே கடும் தடை.

ஏமாந்தால் கைகொடுப்பது ரசீதுதான். லூசியானா தவிர மற்ற மாநிலங்களில் உள்ள வணிகச் சட்டப்படி, ‘இன்னாருக்கு 1863-இல் பரிசளிக்கப்பட்டது’ என்று விற்பவர் ரசீதில் தரும் விவரமே உத்தரவாதம் ஆகிவிடும். ‘உத்தரவாதம்’ என்ற சொல் இருக்க வேண்டியதில்லை. ‘அருமையான பொருள், நல்ல விலை போகும்’ என்பது வெறும் புகழ்ச்சி, வழக்கில் நிற்காது. உத்தரவாதம் மீறியதற்கு வழக்குப் போடப் பொதுவாக நான்கு ஆண்டு அவகாசம். அது போலி என்று தெரிந்த நாளிலிருந்து அல்ல, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். ஆகவே கோல்ட் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது பணம் கொடுப்பதற்கு முன். தவறினால், அதே வாரம்.