கொலைகாரன் மேல் ஏன் பரிதாபம் வருகிறது?

2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டாமர்’ தொடரைப் பார்த்த பலருக்கு, அமெரிக்காவில் 1978 முதல் 1991 வரை 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமர் மேலேயே பரிதாபம் வந்தது. எனக்கென்னவோ இது கேமராவின் வேலை என்றுதான் படுகிறது. யார் முகத்தோடு அதிக நேரம் உட்கார்கிறோமோ, அவர் பக்கம் மனசு சாயும்.

இதற்குத் தொடரே சாட்சி. 10 பகுதிகளில் 6வது, கொல்லப்பட்ட டோனி ஹியூஸ் என்ற காது கேளாத இளைஞரின் கதை. அவர் சிரிப்பையும் ஆசைகளையும் பார்த்துப் பழகியபின் டாமர் எதிரில் வந்தால், நமக்குப் பதறுகிறது.

1992ல் நீதிமன்றத்தில் வெடித்துக் கதறிய இன்னொருவரின் சகோதரியையும் தொடரில் அச்சு அசலாக நடித்துக் காட்டினார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் அவர்.

அடுத்த தடவை ‘பாவம்’னு தோணினா, கேமரா யார் பக்கம் நிக்குதுன்னு பாருங்க.