ஒரு சீட்டின் விலை எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் ரம்மி ஆடும் கட்டில் 52 சீட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று தொலைந்தால் புதுக் கட்டு வாங்கிக் கொள்கிறோம். எந்தக் கட்டில் இருந்தாலும் இஸ்பேட் ராஜா இஸ்பேட் ராஜாதான். அதற்கென்று தனியாக ஒரு விலை கிடையாது.

ஆனால் 2021 ஜனவரியில் ஒரே ஒரு சீட்டு 5,11,100 டாலருக்கு விலை போயிற்று. 'பிளாக் லோட்டஸ்' என்பது அதன் பெயர். உள்ளங்கை அளவு கெட்டித்தாள், நாலு நிற மை, மேலே ஒரு கரிய தாமரையின் படம், அவ்வளவே. அதே தாளில், அதே மையில் இன்னும் ஒரு லட்சம் படிகள் அடிப்பது ஓர் அச்சகத்துக்குப் பெரிய வேலையல்ல. பிறகு ஏன் அடிப்பதில்லை? வாசகர்களே, இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் கணக்கும் பொருளாதாரமும் கைகோத்து வருவதைக் காணலாம்.

இந்தச் சீட்டு 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டத்தைச் சேர்ந்தது. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் இதை வெளியிட்டது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், சேர்மானக் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இதில் எல்லாரும் ஒரே கட்டை வைத்து ஆடுவதில்லை. அவரவர் கட்டை அவரவரே அமைத்துக் கொள்ள வேண்டும். சீட்டுகள் 15 கொண்ட மூடிய பொட்டலங்களாக விற்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சாதாரணச் சீட்டு 11, நடுத்தரம் 3, அரியது 1. உள்ளே எது இருக்கும் என்பது பிரிக்கும்வரை தெரியாது.

ஒரு குழுவில் ஆளுக்கு ஓரிரு கட்டுகள்தான் வாங்குவார்கள், ஆகவே வலிமை மிக்க சீட்டு ஊருக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இராது என்றே கார்ஃபீல்ட் எண்ணியிருந்தார். மக்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்! பெல்ஜியத்தில் அச்சான முதல் பதிப்பில் ஒவ்வோர் அரிய சீட்டும் ஏறத்தாழ 1,100 படிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் இரு பதிப்புகள் வந்தன. மூன்றும் சேர்ந்தும் பிளாக் லோட்டஸ் சுமார் 23,000 படிகளே. அதன் பின் அது போட்டியில் ஆடத்தக்க சீட்டாக அச்சாகவே இல்லை.

அச்சகம் தந்த வாக்குறுதி

1995-ல் நிறுவனம் 'குரோனிக்கிள்ஸ்' என்ற மறு அச்சுத் தொகுதியை வெளியிட்டது. கிடைப்பதற்கு அரிதான பழைய சீட்டுகள் பல புதியவர்களுக்கும் கிடைத்தன. ஆடுபவர்களுக்குக் கொண்டாட்டம். சேமித்து வைத்தவர்களுக்கோ திண்டாட்டம். நேற்றுவரை நல்ல விலை பெற்ற சீட்டு இன்று மலிந்து கிடந்தால் யார்தான் பொறுப்பார்? கூச்சல் எழுந்தது. 1996-ல் நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிட்டு, இதிலுள்ள சீட்டுகளை இனி அச்சிட மாட்டோம் என்று வாக்களித்தது. இன்று அப்பட்டியலில் ஏறத்தாழ 570 சீட்டுகள் உள்ளன. பிளாக் லோட்டஸ் அவற்றில் ஒன்று. 1999 அக்டோபர் முதல் வெளிவந்த சீட்டு எதுவும் பட்டியலில் ஏறவில்லை.

தபால்தலை சேகரிப்போர் இதற்கு நேர்மாறான கதையொன்றை அறிவார்கள். 1962-ல் அமெரிக்காவில் ஹாமர்ஷோல்ட் நினைவுத் தபால்தலையில் சில தாள்களில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்துவிட்டது. அரிய பிழைத்தலை கிடைத்ததென்று சிலர் மகிழ்ந்தனர். அந்நாட்டுத் தபால்துறைத் தலைவரோ, அதே பிழையுடன் 4 கோடி தலைகளை அடிக்கச் சொல்லிவிட்டார்! அருமை ஒரே நாளில் கரைந்தது.

மேசையைச் சுற்றி எத்தனை பேர்?

எத்தனை படிகள் உள்ளன என்பது பாதிக் கணக்குத்தான். மறுபாதியை மேசையில்தான் பார்க்க வேண்டும்.

மேஜிக் ஆட்டம் இருவருக்கென்றே பெரும்பாலும் ஆடப்பட்டு வந்தது. அலாஸ்காவில் சில நண்பர்கள் பலர் சேர்ந்து ஆடும் ஒரு முறையை உண்டாக்கினார்கள். ஐந்து முதுபெரும் டிராகன்களில் ஒன்றைத் தலைவனாக வைத்து ஆடியதால் அதற்கு 'எல்டர் டிராகன் ஹைலேண்டர்' என்று பெயர். (அந்த ஐந்து டிராகன்களும் குரோனிக்கிள்ஸில் மறு அச்சானவையே!) ஷெல்டன் மெனரி என்ற ஆட்ட நடுவர் இதைப் பரப்பினார். 2011-ல் நிறுவனமே 'கமாண்டர்' என்ற பெயரில் இதற்கெனக் கட்டுகளை வெளியிட்டது. கட்டில் 100 சீட்டு. அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர எதுவும் இரண்டு முறை வரலாகாது. வழக்கமாக நால்வர் ஆடுவர். ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 'லைட்னிங் போல்ட்' என்னும் புகழ்பெற்ற சீட்டு எதிராளியின் 3 புள்ளிகளைப் பறிக்கும். இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு 20 புள்ளி. ஆகவே ஒரே சீட்டில் வெற்றியின் 15 விழுக்காடு கைக்கு வந்துவிடுகிறது. நால்வர் ஆட்டத்தில் மூன்று எதிராளிகளுக்கும் சேர்த்து 120 புள்ளி. அதே சீட்டு சாதிப்பது இரண்டரை விழுக்காடு! சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இன்னொன்று. நீங்கள் ஒரு சீட்டைச் செலவழித்து எதிராளியின் ஒரு சீட்டை அழிக்கிறீர்கள். இருவர் ஆட்டத்தில் அது சரிக்குச் சரி. நால்வர் ஆட்டத்திலோ நீங்களும் அவரும் ஆளுக்கொன்று இழக்க, சும்மா இருந்த மற்ற இருவரும் செலவின்றி முன்னேறுகிறார்கள். எனவே யாரும் சண்டையைத் தொடங்க விரும்புவதில்லை. பொதுக் கிணற்றைத் தூர்வார முதலில் யார் இறங்குவது என்று ஊரே பார்த்துக் கொண்டிருப்பது போலத்தான்.

இந்தத் தேக்கத்தை உடைக்க 2016-ல் வந்த ஓர் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு 'மோனார்க்', அதாவது அரசர் என்று பெயர். மேசையில் ஒருவர்தான் அரசர். தம் முறை முடியும்போதெல்லாம் அவர் ஒரு சீட்டை இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். ஆனால் எவருடைய படைவீரனாவது மோதலில் அரசரைத் தாக்கிக் காயப்படுத்தினால் முடி அவருக்குப் போய்விடும். சும்மா இருப்பவனுக்கு இருந்த ஆதாயம் இப்போது அடிப்பவனுக்கு மாறிவிட்டது.

அடுத்து, 2000-ல் வெளிவந்த 'ரிஸ்டிக் ஸ்டடி' என்ற சாதாரணத் தரச் சீட்டைப் பாருங்கள். எதிராளி ஒருவர் மந்திரம் ஒன்றை இறக்கும்போதெல்லாம் ஓரலகு ஆற்றல் கூடுதலாகச் செலுத்த வேண்டும். தவறினால் நீங்கள் ஒரு சீட்டை உருவிக் கொள்ளலாம். சுற்றுக்கு ஆளுக்கொரு மந்திரம் என்று கொண்டால், ஓர் எதிராளியிடம் ஒரு வாய்ப்பு. மூன்று எதிராளிகளிடம் மூன்று வாய்ப்பு. கமாண்டர் பரவப் பரவ இதன் விலையும் ஏறியது. ஆயினும் 2000-ல் பிறந்ததால் இது பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. 2020-லும் 2023-லும் புதிய தொகுதிகளில் இது மறுபடி அச்சாயிற்று. முதற்பதிப்பிலேயே இருந்த 'சோல் ரிங்' கூடப் பட்டியலில் இல்லை. கமாண்டர் கட்டுகளில் அது தொடர்ந்து இடம்பெற்றதால் புதியவர் கையிலும் கிடைக்கிறது.

1998-ல் வந்த 'காயாஸ் க்ரேடில்' நிலைமை வேறு. தம் பக்கமுள்ள உயிரினங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆற்றல் தரும் இந்த நிலச் சீட்டைக் கமாண்டர் ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்புகிறார்கள். ஆனால் அது பட்டியலுக்குள் சிக்கியிருக்கிறது. தேவை பெருகுகிறது, படிகள் பெருகவில்லை. விலை நூற்றுக்கணக்கான டாலர். புதிதாக ஆட வரும் மாணவனுக்கு இது எட்டாக்கனி. அதற்காக வாக்கை மீறினால், அதை நம்பி வாங்கியவன் ஏமாறுவான். என் அனுதாபம் மாணவன் பக்கம்தான். எனினும் எழுதிக் கொடுத்த வாக்கைத் தூக்கி எறிவது அத்தனை எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022-ல், 30-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, நிறுவனம் ஒரு நடுவழி தேடியது. பிளாக் லோட்டஸ் உள்ளிட்ட பழைய சீட்டுகளை மீண்டும் அச்சிட்டது, ஆனால் முதுகுப்புறத்தை வேறு வடிவில் அமைத்து. போட்டியில் அவை செல்லா. ஆகவே வாக்கு மீறப்படவில்லை என்பது வாதம். ஒரு பெட்டியில் 15 சீட்டுள்ள பொட்டலங்கள் நான்கு. விலை 999 டாலர். உள்ளே எது இருக்கும் என்பது, 1993-ல் போலவே, பிரிக்கும்வரை தெரியாது. ஆட்டக்காரர்கள் பலர் கொதித்துப் போனார்கள். பல வீட்டு மேசைகளில் இன்றும், காயாஸ் க்ரேடிலை வெறுந்தாளில் நகலெடுத்துப் பழைய சீட்டொன்றின் மேல் வைத்து உறையில் செருகி, நால்வரும் சம்மதித்து ஆடிக் கொண்டிருக்கிறார்கள்.