விருந்துக்கு மூன்று நாள். மருந்துக்கு எத்தனை நாள்?



‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். விருந்தாளிக்கு அது சரிதான். மருந்துக்குச் சரியா? காய்ச்சல் விட்டதும், “இப்பத்தான் நல்லாயிடுச்சே, இனிமே எதுக்கு மாத்திரை?” என்று மீதியைப் பரணில் போட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் என்றால் அதே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல மனசோடுதான் செய்கிறோம். ஆனால் இப்படித்தான் மருந்தே விஷமாகிவிடுகிறது.

எந்த மருந்தை எத்தனை நாள், எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? இதைக் கணவன், மனைவி இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து வாங்கும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கியவுடன் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மருந்தாளுநரிடம் நின்று கேளுங்கள்:

1. இது யாருக்கு? (மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நாளில் மருந்து வாங்கினால், இரண்டையும் தனித்தனிப் பையில் பெயர் எழுதி வாங்குங்கள்.)
2. இது எதற்கு?
3. ஒரு வேளைக்கு எவ்வளவு?
4. எப்படிக் கொடுப்பது? விழுங்கவா, தண்ணீரில் கரைக்கவா, மேலே தடவவா?
5. எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு?

படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அட்டையின் மேல் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று வரைந்து தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால், டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு மருந்து கொடுக்கும் தாய்மாரே!

சமையல் கரண்டியால் மருந்து அளக்காதீர்கள். ஒரு வீட்டு ஸ்பூன் சிறிது, ஒரு வீட்டு ஸ்பூன் பெரிது. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியையோ அளவுக் குழாயையோ பயன்படுத்துங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், சிரப்பாகவும் வருகிறது, சொட்டு மருந்தாகவும் வருகிறது. வழக்கமாகக் கிடைக்கும் ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதாவது 1 மில்லியில் 25 மில்லிகிராம். சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம்! நான்கு மடங்கு. சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் ஈரல் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். ஆகவே ஆஸ்பத்திரி மருந்தோடு கடை மருந்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இருமல் மருந்தை நீங்களாக வாங்கவே வேண்டாம். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில்தான். அதன் பிறகு மத்திய அரசு, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரவோ கொடுக்கவோ கூடாது என்று அறிவுரை வழங்கியது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை வேண்டாம் என்றது.

பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்ற கணக்கெல்லாம் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கூடவே தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். இங்கே மூன்று நாள் கணக்கு உதவாது.

கர்ப்பிணிக்கு

நான்காம் மாதத்திலிருந்து 180 நாளுக்கு தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். “மலம் கறுப்பாப் போகுது, பயமா இருக்கு” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயும் அந்த நேரத்தில் வேண்டாம். இடுப்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்குவது வயிற்றுப் பிள்ளைக்கே கேடாகலாம்.

குடும்பநல மாத்திரை சாப்பிடும் சகோதரிக்கு

மாலா-என் மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்தால், நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே 7 நாள் ஆணுறையும் பயன்படுத்துங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள்.

ஒரு முக்கிய சேதி: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். அப்போது வேறு முறைக்கு மாற வேண்டியிருக்கும். ஆகவே டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாதாரணக் காசநோய்க்கு மருந்து 6 மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அப்போது நிறுத்தினால் நோய் மறுபடி முளைக்கும், பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது தொற்றும்.

ஊசிக்கு ஆசைப்படாதீர்கள்

“ஊசி போட்டாத்தான் கேக்கும்” என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். மாத்திரை போதுமானால் மாத்திரையே நல்லது. ஊசி அவசியமானால் புதிய உறையைக் கண் முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. தடுப்பூசி போட்ட குழந்தையோடு அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

அடுப்படி வெக்கையும் குளியலறை ஈரமும் மருந்துக்கு ஆகாது. மூடி போட்ட டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பூச்சிமருந்தையோ மண்ணெண்ணெயையோ மருந்து பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. காலாவதி தேதி தாண்டியதைச் சுகாதார நிலையத்தில் காட்டி, என்ன செய்வதென்று கேளுங்கள்.

கணவன்மார்களே! கடையில் மருந்து வாங்குவது பெரும்பாலும் நீங்கள். கொடுப்பது உங்கள் மனைவி. கடைக்காரர் சொன்னதை வீட்டில் வந்து முழுதாகச் சொன்னால்தானே அவர் சரியாகக் கொடுப்பார்? இருவரும் சேர்ந்து ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பழமொழியிலும் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. மூன்று நாளில் தீராத நோயை வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கைக்குழந்தைக்கோ அந்த மூன்று நாளும் அதிகம், அன்றைக்கே காட்டுங்கள். சந்தேகம் கேட்க 104. தவறான மருந்தையோ அதிக மருந்தையோ சாப்பிட்டுவிட்டால் உடனே 108. போகும்போது அந்த அட்டையையும் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேட்டு வாங்குவோம்! அளந்து கொடுப்போம்! சொன்ன நாள்வரை சாப்பிடுவோம்!