கண்ணாடிச் சுவருக்கு அப்பால்

குழந்தை பிறந்துவிட்டது, தாயோ அதன் முகத்தை இன்னும் காணவில்லை. குறைமாதத்திற் பிறந்த அச்சிசு வைத்தியசாலையின் ஒரு மாடியிலே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கின்றது. சத்திர சிகிச்சைக்கு உள்ளான தாய் வேறொரு மாடியிலே எழுந்திருக்க இயலாது படுத்திருக்கின்றாள். "பிள்ளை சுகமாயிருக்கிறது" என்று தாதி வந்து சொல்கின்றார். அச்சொல் தாயின் மனத்துக்குப் போதுமா? இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை விஞ்ஞானம் எவ்வாறு குறைக்கின்றது என்பதை இன்று பார்ப்போம், நேயர்களே.

இத்தூரத்தை உண்டாக்கியதும் ஒருவகையில் விஞ்ஞானமே. 1880 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஸ்தெபான் தார்னியே, கோழிமுட்டை பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அது போன்ற ஒன்றைக் குறைமாதச் சிசுக்களுக்காகச் செய்வித்தார். குளிரினால் மடியவிருந்த குழந்தைகள் பல பிழைத்தன. ஆனால், தாயின் மடியில் இருக்கவேண்டிய பிள்ளை பெட்டிக்குள்ளே போயிற்று. அவருடைய மாணாக்கர் பியேர் பூடன் இதன் விளைவைக் கவனித்தார். பிள்ளையைப் பிரிந்திருந்த தாய்மாருட் சிலர் நாளடைவில் அதன்மீது பற்றுக் குன்றியதை 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே எழுதினார். தாய்மார் வந்து பார்க்கவேண்டும், பாலூட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர்கள் பிள்ளையைக் காண்பதற்கு வெப்பப் பெட்டியின் கண்ணாடி உதவியது.

இன்றைய கமராவும் அக்கண்ணாடி செய்த வேலையையே செய்கின்றது. பெட்டியின் மேலே சிறியதொரு கமரா பொருத்தப்படுகின்றது. தாய் தனக்கு வழங்கப்பட்ட இரகசியச் சொல்லைக் கொண்டு, கட்டிலிற் படுத்தவாறே கைத்தொலைபேசியின் திரையிற் பிள்ளையைக் காண்கின்றாள். 2020 ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்றினாற் பல நாடுகளின் வைத்தியசாலைகள் பெற்றோரின் வருகையைக் கட்டுப்படுத்தியபோது, இத்தகைய சாதனங்களே பலருக்குத் துணையாயின.

இதனால் மன ஆறுதல் மாத்திரமா கிடைக்கின்றது? பிள்ளையைக் காண்பதும், அதன் அழுகையைக் கேட்பதும், ஏன், அதனை நினைப்பதுங்கூடத் தாயின் உடலில் ஒக்ஸிடோசின் என்னும் சுரப்பைத் தூண்டிப் பாலை இறங்கச் செய்யும். பிள்ளையும் தாயின் குரலை அறியும். பிறந்து மூன்று நாட்களுக்கு உட்பட்ட குழந்தைகள் அன்னையின் குரலைப் பிற பெண்களின் குரலினின்று பிரித்தறிகின்றன என்பது 1980 இல் வெளியான ஆய்வொன்றிற் புலனாயிற்று. வானொலி கேட்கும் உங்களுக்குக் குரலின் வலிமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அக்குரல் மென்மையாக ஒலித்தல் வேண்டும். பேரொலி அச்சிறு செவிக்கு ஆகாது.

கமராவுக்கும் எல்லை உண்டு. நள்ளிரவிலே திரையிற் குழாய்களையும் எச்சரிக்கை விளக்கையும் தனியே காணும் தாய் நடுங்கிப்போவாள். அவற்றை விளக்கிச் சொல்லத் தாதியொருவர் வேண்டும். அன்றியும், உடற்சூட்டையும் மணத்தையும் எத்திரையும் கொண்டுசெல்வதில்லை.

அந்தச் சூடே மருந்தாவதை 1970 களின் இறுதியிற் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து வைத்தியர்கள் காட்டினர். வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல, தாயின் மார்போடு சிசுவை அணைத்து வைத்தனர். பின்னர், கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளுட் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைக்கப்பட்டோரில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து அணைக்கப்பட்டோரில் ஏறக்குறைய 16. உலக சுகாதார நிறுவனமும் 2022 இல் இம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்குமாறு பரிந்துரைத்தது.

ஆகவே, தாய் வரமுடியாத வேளையிலே கமரா உதவட்டும். வரக்கூடிய நாள் வந்ததும், பிள்ளையின் பெட்டியருகே அவளுக்கு ஒரு கட்டில் இருக்கட்டும். கமரா வாங்க எண்ணும் வைத்தியசாலைகள் அக்கட்டிலுக்கும் இடம் தேடுதல் நன்று.