முடிச்சும் கடல் மைலும்

கப்பலும் விமானமும் தம் வேகத்தை 'நொட்', அதாவது முடிச்சு, என்னும் அலகாற் கூறுவதை வெறும் மரபுப் பற்றென நாம் கருதுதல் பொருந்தாது. மணிக்கு ஒரு கடல் மைலே ஒரு நொட் ஆகும். கடல் மைல் அகலக்கோட்டுப் பாகையின் அறுபதிலொரு கூற்றை அடியொற்றியது; 1929 இல் மொனாக்கோ மாநாடு அதனை 1852 மீற்றர் என வரையறுத்தது. எனவே 60 நொட் வேகத்தில் நேர்வடக்கே செல்லும் கலம் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு பாகையைக் கடக்கும். புவியின் வடிவமே இங்கு அளவுகோலாகிறது. வான்வழிச் செலவும் அதே வழிகாட்டு முறையைத் தழுவியமையால் அவ்வலகையே ஏற்றது.

பெயரோ உழைப்பிற் பிறந்தது. சம இடைவெளியில் முடிச்சிட்ட கயிற்றின் நுனியிலே பலகையைக் கட்டிக் கடலில் எறிந்து, மணற்கடிகை வடியும் ஏறத்தாழ 28 செக்கனுக்குள் கைவழி நழுவிய முடிச்சுக்களை மாலுமிகள் எண்ணினர். கயிறு வழக்கொழிந்தது; அக்கைகளின் உழைப்பு அலகின் பெயரில் நிலைத்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது.