"இன்று இரவு ரூ.4,999 பிடிக்கப்படும்!" செல்போனில் வரும் 'சந்தா' மோசடி: உஷார்!

சென்னை,

மாலை 6 மணி. கடையில் கூட்டம். கல்லாவில் இருப்பவரின் செல்போன் 'கிணிங்' என்கிறது.

"உங்கள் சினிமா சந்தா புதுப்பிக்கப்பட்டது. இன்று இரவு ரூ.4,999 பிடிக்கப்படும். வேண்டாம் என்றால் கீழே உள்ள லிங்கை அழுத்தவும்."

ஆள் பதறுகிறார். சந்தாவே கட்டாதவருக்கு ரத்து எதற்கு? ஆனாலும் விரல் லிங்க் மேல் போய்விடுகிறது. மோசடி ஆசாமிகள் நம்பியிருப்பது இந்தப் பதற்றத்தைத்தான்.

சுருட்டுவது எப்படி?

லிங்கை அழுத்தினால் அசல் கம்பெனியின் முத்திரையோடு ஒரு பக்கம் திறக்கும். "ரத்து செய்ய கார்டு நம்பரைப் போடுங்கள்" என்று கேட்கும். கார்டின் முதுகில் உள்ள 3 இலக்க எண்ணும் வேண்டுமாம்! அடுத்த நிமிஷம் ஓ.டி.பி. வரும். அதையும் போட்டால் தீர்ந்தது கதை. பணம் 'அபேஸ்'!

சில தகவல்களில் லிங்குக்குப் பதில் போன் நம்பர் இருக்கும். பேசுகிறவன் பரம மரியாதைக்காரன். "பயப்படாதீங்க சார், ஒரே ஒரு ஆப் போடுங்க, நானே கேன்சல் பண்ணித் தர்றேன்" என்பான். ஆப்பைப் போட்டு, கேட்ட அனுமதியையும் கொடுத்துவிட்டால் உங்கள் செல்போன் திரை அவனுக்கும் தெரியும். வருகிற ஓ.டி.பி. உட்பட!

"பின் நம்பரைப் போடுங்க, பணம் திரும்பி வந்துடும்" என்றும் சொல்வான். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கொடுக்கத்தான் தேவை. தினமும் யு.பி.ஐ.யில் வசூல் செய்கிற வியாபாரிகூட பதற்றத்தில் இதை மறந்துவிடலாம்.

24 மணி நேர விதி

கார்டு, யு.பி.ஐ. மூலம் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு ரிசர்வ் பாங்கியின் கட்டுப்பாடு 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. பணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும். முதலில் ஓ.டி.பி.யோ, பின் நம்பரோ போட்டு நீங்கள் சம்மதித்திருக்கவும் வேண்டும். "இன்று இரவே" என்று மிரட்டும்போதே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைப் பாருங்கள். நீங்கள் சம்மதித்த சந்தாக்கள் அங்கே இருக்கும். கார்டில் கொடுத்திருந்தால், கார்டின் பின்புறம் அச்சிட்ட நம்பரில் பாங்கியைக் கேட்கலாம்.

வந்த நம்பரையும் கவனிக்கவேண்டும். கம்பெனிகளின் தகவல் 10 இலக்க செல்போன் நம்பரிலிருந்து வராது. எழுத்துகளில் பெயர் இருக்கும். 2025-ல் அதன் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்க்கப்பட்டது. 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிமாற்றம், 'ஜி' அரசு. இதை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி லிங்கை அழுத்தவும் கூடாது.

பணம் போய்விட்டால்?

உடனே 1930-க்குப் போன் போடுங்கள். திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. 'வெளியே சொன்னா மானம் போயிடும்' என்று காலை வரை சும்மா இருந்தால் கும்பலுக்குக் கொண்டாட்டம்!

பாங்கிக்கும் அப்போதே சொல்லியாகவேண்டும். ரகசிய நம்பரை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் உங்கள் தலையில்தான். சொன்ன பிறகு போகும் பணத்துக்கு பாங்கி பொறுப்பு. இது ரிசர்வ் பாங்கி 2017-ல் போட்ட உத்தரவு.

கோபத்தில் அந்த எஸ்.எம்.எஸ்.சை அழித்துவிடாதீர்கள். போலீசாருக்கு அந்த நம்பரும் லிங்கும்தான் துப்பு.