ரவுட்டருக்கு எந்தப் பூட்டு?

2005 ஜூலையில் அமெரிக்காவின் மயாமி நகரில், மார்ஷல்ஸ் கடைகளின் வைஃபை வழியாகச் சிலர் உள்ளே புகுந்தார்கள். அங்கிருந்து தாய் நிறுவனமான டிஜேஎக்ஸின் மையக் கணினிகள் வரை போய்விட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் குறைந்தது 4 கோடியே 57 லட்சம் வங்கி அட்டைகளின் விவரம் களவு போயிருந்தது. கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டு சிறை விதித்தார்கள்.

டிஜேஎக்ஸ் நம்பியிருந்த குறியாக்க முறை டபிள்யூஇபி. பலவீனமான அந்த முறையை விட்டு மாறத் தாமதித்தது தவறு என்று கனடாவின் தனியுரிமை ஆணையர் 2007இல் கண்டித்தார்.

டபிள்யூஇபி 1997இல் வந்தது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் 24 பிட் நீள எண் ஒன்றைச் சேர்த்து, அதனால் குறியாக்கச் சாவியை மாற்றிக்கொண்டே போவது அதன் ஏற்பாடு. அந்த எண்ணோ மறைக்கப்படாமல் காற்றில் போகும். மொத்தமே 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். கூட்டமான வலையில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழையதே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் இதைவிடப் பெரிய ஓட்டையைக் காட்டினார்கள்: சில எண்கள் வரும்போது சாவியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே ரவுட்டரின் செட்டிங்ஸில் டபிள்யூஇபி என்றோ, அதற்கு ஒட்டுப்போட வந்த டிகேஐபி என்றோ எது தெரிந்தாலும் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2, அதுவும் ஏஇஎஸ் குறியாக்கத்தோடு, இன்று ஏற்கத்தக்க குறைந்தபட்சம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. போனும் ரவுட்டரும் கைகுலுக்கும் அந்த நொடியைப் பதிவுசெய்துகொண்டு ஒருவர் போய்விடலாம். பிறகு வீட்டில் உட்கார்ந்து, கணினியை விட்டுக் கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் அந்தச் சோதனையில் நிற்காது. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்த நீண்ட கடவுச்சொல் நிற்கும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இந்த வழியையே அடைத்துவிட்டது: ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும்.

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைத் தட்டியோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுவது அவசியம். அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். அதனால் 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளியானது.

அலுவலகம், கல்லூரி என்றால் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது. எண்டர்பிரைஸ் முறையில் ஆளுக்கொரு கணக்கு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மட்டும் நீக்கினால் போதும். வீட்டில் பழைய பிரிண்டருக்கு டபிள்யூபிஏ3 ஒத்துவராவிட்டால், அதைத் தனியே கெஸ்ட் வலையில் டபிள்யூபிஏ2வில் விட்டு, முதன்மை வலையைப் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.